பெயிண்ட் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

சேரன்மகாதேவியில் என் பெரியப்பாவின் பவர் டில்லர் (பின்னால் நடந்தபடி பிடித்து உழும் டீசல் இயந்திரம்) பதினோரு வருடம் ஓலைக் கொட்டகையில் கிடந்தது. பிசான நெல் பருவத்துக்குள் ஓட்டிவிட வேண்டும் என்று வீட்டுக்கு இழுத்து வந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "என்ன கலர் அடிக்கப் போகிறீர்கள், அண்ணாச்சி?" எஞ்சினே சுற்றவில்லை, அதற்குள் கலர்!

முதலில் எஞ்சினின் கனமான சுழல்சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். அசையாவிட்டால் பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருவேறி, சிலிண்டரின் உட்சுவரான லைனரைப் பிடித்திருக்கும். சுத்தியலைத் தொடாதீர்கள். முன்பு ஒரு வண்டியைப் பட்டறையில் விட்டேன்; கட்டை வைத்து அடித்தே பிஸ்டனை உடைத்தார்கள், கூலியும் வாங்கிக்கொண்டார்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள்.

இந்த வண்டியில் சிலிண்டர் படுத்திருக்கும். அப்படியே ஊற்றினால் எண்ணெய் அடிப்பக்கம் மட்டும் தேங்கும். மேல்பாதி ரிங் காய்ந்தே கிடக்கும். ஆகவே டீசல் டாங்கைக் காலி செய்துவிட்டு, சிலிண்டரின் மூடியான ஹெட் உள்ள பக்கம் மேலே வரும்படி வண்டியைத் தூக்கி முட்டுக்கொடுங்கள். எனக்கு நான்கு நாள் பிடித்தது. காலையும் மாலையும் ஃப்ளைவீலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் விரற்கடை அளவு நகர்ந்தது.

விடுபட்டதும் நாசிலை மாட்டாமல் நன்றாகச் சுற்றி, உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். துளைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், பீய்ச்சி அடிக்கும். ஊற்றியதில் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும் என்பதால் எஞ்சின் ஆயிலையும் மாற்ற வேண்டும்.

கியர் பெட்டியின் அடித்திருகைத் திறந்தேன். ஆயில் நம் ஊர்த் தேங்காய்ப்பால் சொதி போல வெளுத்து வந்தது. சேற்றில் உழுத வண்டியில் இது சகஜம். அச்சைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையமான ஆயில் சீல் தேய்ந்து தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலை மாற்றாமல் புது ஆயில் ஊற்றுவது காசைக் கால்வாயில் விடுவதற்குச் சமம்.

பழைய டீசல் பிசினாகியிருக்கும். டாங்கைக் கழுவி, ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள். டீசல் பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக்கை விரலால் தள்ளினால் தடையில்லாமல் ஓட வேண்டும். அது முழு டீசல் நிலையில் இறுகியிருந்தால், ஸ்டார்ட் ஆன எஞ்சின் நம் சொல் கேட்காமல் வேகமெடுத்துத் தன்னையே உடைத்துக்கொள்ளும். பிறகு டீசல் வரும் வழியில் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும்: முதலில் ஃபில்டர் திருகு, அடுத்து பம்ப், கடைசியில் நாசில் குழாயின் நட். ஒவ்வொன்றிலும் நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் கிளீனரைக் கழற்றிவிடுங்கள் (எங்களுடையதில் எலி குடும்பம் நடத்தியிருந்தது). எஞ்சின் கட்டுமீறினால் காற்று போகும் வாயை அடைக்க, பலகைத் துண்டோடு ஒருவரை நிறுத்துங்கள். கையால் அடைக்கக் கூடாது. எங்களுக்கு அந்தப் பலகை தேவைப்படவில்லை. வெள்ளைப்புகை கக்கி, இருமி, மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது.

சத்தம் சீரான பிறகு ஒழுகும் இடங்களைப் பார்த்து இறுக்கினேன், பெல்ட்டை மாற்றினேன். பெயிண்ட் டப்பா இன்னும் பரணில்தான் இருக்கிறது. வண்டி துருப்பிடித்த மட்கார்டோடு வயலில் இறங்கிவிட்டது.