டர்பன்ல குள்ளப் பச்சோந்திய படம் எடுக்கறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பனோட சாட்ஸ்வொர்த் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி கறிவேப்பிலை மரம் வச்சிருக்கவங்க நிறைய பேர் இருக்கோம். அந்த மாதிரி செடியில குள்ளப் பச்சோந்தி ஒண்ணு இருந்தா வருஷக்கணக்கா பக்கத்துலயே நடந்து போனாலும் நம்ம கண்ணுல படாது, வாலோட சேர்த்தாலும் ஒரு சாண் வராத ஜீவன் அது. எங்க பக்கத்து வீட்டு ஆயா ஒரு நாள் குழம்புக்கு இலை பறிக்கப் போனவங்க அப்படியே நின்னுட்டு, "கண்ணு இங்க வந்து பாரு, இலைக்கு கண்ணு மொளச்சிருக்கு"ன்னு கூப்பிட்டாங்க.

நான் கேமராவ எடுத்துட்டு வர்றதுக்குள்ள வந்திருந்த சொந்தக்காரப் பையன் அந்தக் கிளையையே ஒடிச்சு வெள்ளைச் சுவர் பக்கத்துல வச்சுட்டான், படம் தெளிவா வரட்டும்னு தான். ரெண்டு நிமிஷத்துல அது கரி மாதிரி கருத்துப்போச்சு, உடம்ப தட்டையாக்கி வாயத் திறந்துச்சு. படம் ஷார்ப்பா தான் வந்துச்சு, ஆனா அதுல இருந்தது பயம் மட்டும் தான். முதல்ல சொல்ல வேண்டிய தப்பு இதுதாங்க, இருக்கற இடத்துலேர்ந்து அத நகர்த்தவே நகர்த்தாதீங்க. ஒளிஞ்சிருக்கறது தான் அதோட அழகு, அத கலைச்சுட்டு எதப் படம் எடுக்கப் போறோம்?

பச்சோந்தின்னாலே இடத்துக்கு ஏத்த மாதிரி நிறம் மாத்தும்னு தான் நம்ம பேச்சுலயே ஊறிப்போயிருக்கு. ஆனா டெவி ஸ்டுவர்ட்-ஃபாக்ஸும் அட்னான் முசாலியும் தென்னாப்பிரிக்காவோட இந்தக் குள்ளப் பச்சோந்திகளயே வச்சு ஆராய்ச்சி பண்ணி 2008ல எழுதினாங்க, நிறம் மாத்தற திறமை அதுங்களுக்கு வளர்ந்தது ஒளியறதுக்காக இல்ல, ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கறதுக்காகன்னு. படம் எடுக்கறவங்க இத மனசுல வச்சுக்கணும், ஏன்னா நீங்க கிட்ட போறப்போ அது கருத்தா உங்களுக்கும் ஒரு சேதி சொல்லுதுன்னு அர்த்தம், அப்பவே ரெண்டு அடி பின்னாடி வந்துடுங்க. விடியக்காலைல வெயிலுக்கு உடம்பக் காட்டிட்டு கருப்பா உக்காந்திருக்கறது வேற, அது சூடு ஏத்திக்குது, பயம் இல்ல.

அடுத்தது வெளிச்சம். இந்தியாவுலேர்ந்து புதுசா வந்தவங்க மத்தியான சூரியன் தெற்கால இருக்கும்ங்கற பழக்கத்துலயே நிழல் தேடறாங்க, டர்பன்ல மத்தியானம் சூரியன் வடக்குப் பக்கம் தான், அதனால வீட்டோட தெற்குப் பக்கத்துச் செடிங்கள்ல தான் மெத்துனு வெளிச்சம் கிடைக்கும். உச்சி வெயில்ல எடுக்கவே வேணாம், இலையெல்லாம் பளபளன்னு வெள்ளையா தெறிக்கும், நடுவுல நடுவுல நிழல் திட்டுத்திட்டா விழுந்து பச்சோந்தியோட உருவத்த இன்னும் ஒடைச்சுடும். வெயில் பச்சோந்தி கட்சில சேந்துடுச்சுன்னு வச்சுக்கங்க. மேகமூட்டமான நாள் நல்லது, இல்லன்னா காலைல சாய்வா வர்ற வெளிச்சம். அது பின்பக்கத்துலேர்ந்து வந்தா இன்னும் நல்லது, முதுகு முள்ளு விளிம்பு மட்டும் தங்கக் கோடு மாதிரி தெரியும், இலைக்கும் உடம்புக்கும் வித்தியாசம் அங்கதான் பிடிபடும். வயித்துப் பக்கம் இருட்டா இருந்தா ஒரு வெள்ளைக் காகிதத்த கீழ பிடிச்சா போதும், ஃப்ளாஷ் வேணாம். உங்க நிழலே அது மேல விழாம பாத்துக்கங்க.

ஃபோகஸ கேமராவோட இஷ்டத்துக்கு விட்டா முன்னாடி நீட்டிட்டிருக்கற இலையத்தான் பிடிக்கும், ஒரே ஒரு புள்ளிய வச்சு கண்ணு மேல போடுங்க. அதோட ரெண்டு கண்ணும் தனித்தனியா சுத்தும், நடுவுல இருக்கற அந்தச் சின்ன ஓட்டை உங்க பக்கம் திரும்பற வரைக்கும் காத்திருக்கணும், அவசரப்பட்டா வெறும் தோல் உருண்டை தான் படத்துல இருக்கும். கிட்டப் போய் எடுக்கறப்போ லென்ஸ் துவாரத்த எஃப் 2.8னு அகலமா வச்சா கண்ணு தெளிவா இருக்கும், மூக்கு மங்கிடும், சுருக்கி எஃப் 8 பக்கம் போங்க. கடல் காத்துல கிளை ஆடிட்டே இருக்கும், அதனால ஷட்டர் வேகத்த 1/250 செகண்டுக்கு கீழ இறக்காதீங்க, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த உணர்ற அளவு) ஏறினா ஏறட்டும், கொஞ்சம் புள்ளி விழுந்த படத்த சரிபண்ணலாம், ஆடின படத்த ஒண்ணும் பண்ண முடியாது.

கிட்ட போனதும் அது கிளையோட மறுபக்கம் நழுவிக்கும், நாமளும் சுத்திச் சுத்திப் போறோம், அதுவும் சுத்துது. நில்லுங்க. பத்து நிமிஷம் அசையாம நின்னா பெரும்பாலும் அதுவே எட்டிப் பாக்கும்.

ராத்திரில அது வெளுத்துப்போய் கிளை நுனியில தூங்கும், டார்ச் அடிச்சா சட்டுனு தெரியும். பாத்துட்டு அந்தச் செடிய மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு லைட்ட அணைச்சுடுங்க. டிசம்பர்ல 5 மணிக்கு முன்னாடியே விடிஞ்சிடுது, அதுக்குள்ள போய் உக்காந்துட்டா முதல் வெளிச்சத்துல அது கண்ணத் திறக்கறதையே எடுக்கலாம். முகத்த மட்டும் நெருக்கமா எடுத்துட்டு திரும்பிடாம சுத்தி இருக்கற இலை, கிளை எல்லாம் வர்ற மாதிரி அகலமா ஒண்ணு எடுங்க, பாக்கறவங்க தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

படத்த அனுப்பறதுக்கு முன்னாடி போன்ல லொகேஷன அணைச்சிருங்க, இதுங்கள பிடிச்சு விக்கறவங்க இருக்காங்க. ஆயா வீட்டுச் செடியில எடுத்த படத்துக்கு நான் "டர்பன்"னு மட்டும் தான் போட்டேன், தெருப் பேரு கூட போடல.