கிராஃபிக்ஸ் கார்டு சூடாகிறதா? ஃபேனைக் கடைசியாகத் தொடுங்கள்

புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் முதல் வாரம் கேம் ஆடுவதே இல்லை. திரை மூலையில் வெப்பநிலையைக் காட்ட வைத்துவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 78, 80 என்று ஏறி 83-ஐத் தொட்டதும் பயம் பிடித்துக்கொள்ளும். உடனே கார்டின் அமைப்புகளை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து ஃபேனை 90 சதவீதத்துக்குத் தள்ளுவார்கள். எண் 70-க்கு இறங்கும். பக்கத்து அறையில் மிக்ஸி ஓடுவதுபோல ஒரு சத்தம் கிளம்பும்.

முதலில், 83 டிகிரி பயப்பட வேண்டிய எண்ணே இல்லை. ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு, அதன் சிப்பை வடிவமைத்த என்விடியா சொல்லும் உச்ச வரம்பு 93 டிகிரி. 83 என்பது, கார்டு தானாகவே குறிவைத்து அதைத் தாண்டாமல் ஓடப் பார்க்கும் இடம். போட்டி நிறுவனமான ஏஎம்டியின் கணக்கு வேறு. 2019-இல் அதன் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி கார்டு வந்தபோதே, சிப்பின் மிகச் சூடான புள்ளி 110 டிகிரி வரை போவது வடிவமைப்புக்கு உட்பட்டதுதான் என்று அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. எனவே நண்பரின் கார்டில் தெரியும் எண்ணை நம் கார்டில் தெரியும் எண்ணோடு ஒப்பிடுவதற்கு முன், இரண்டும் ஒரே சென்சாரிலிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

யூடியூப் விமர்சனத்தோடு ஒப்பிடும்போதும் இதே சிக்கல்தான். வெளிநாட்டு விமர்சகர்கள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத அறை 35, 36 டிகிரியில் இருக்கும். அங்கே 68 காட்டிய கார்டு இங்கே 80 காட்டினால் அதில் எந்தக் கோளாறும் இல்லை. அறை வெப்பநிலையைக் கழித்துவிட்டு மீதியை ஒப்பிடுங்கள்.

சரி, சூட்டைக் குறைத்தால் வேகம் கூடாதா? கூடும், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். சூடு ஏற ஏற என்விடியா கார்டுகள் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். 80-லிருந்து 70-க்கு இறக்கினால் இரண்டு படிகள் திரும்பக் கிடைக்கலாம். 1900 மெகாஹெர்ட்ஸில் 30 என்பது ஒன்றரை சதவீதம். நொடிக்கு 60 ஃப்ரேம் (கார்டு வரையும் படங்கள்) 61 ஆகும், அவ்வளவுதான். சத்தத்தின் கணக்கோ கொடூரமானது. ஃபேன் நிமிடத்துக்கு 1500 சுற்றிலிருந்து 3000 சுற்றுக்குப் போனால் காற்று இரண்டு மடங்கு. சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் கூடுகிறது. பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும்.

ஃபேன் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. கார்டு இழுக்கும் மின்சாரம் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். 320 வாட் இழுக்கும் 3080 என்றால் உங்கள் அறைக்குள் 320 வாட் ஹீட்டர் ஒன்று எரிகிறது என்று அர்த்தம். ஃபேனை எவ்வளவு முறுக்கினாலும் அந்த 320 வாட் எங்கும் போய்விடாது. ஆகவே முதலில் கைவைக்க வேண்டியது வாட்டில்.

இதில் எளிய வழி ஃப்ரேமுக்கு வரம்பு போடுவது. இதைச் செய்யாமல் விடுவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நொடிக்கு 144 படம் மட்டுமே காட்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 230 ஃப்ரேம் ஓடவிட்டால், மிச்சமுள்ள ஃப்ரேம்களுக்கு மின்சாரமும் சத்தமும் வீண். நொடிப்பொழுதில் எதிராளியைச் சுட வேண்டிய போட்டி கேம்களை மட்டும் விலக்காகச் சொல்லலாம். மெனு திரைகள் இன்னும் மோசம். வரைவதற்கு ஒன்றுமில்லாததால் கார்டு வெறித்தனமாக ஓடும். 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 கேம் வெளிவந்தபோது அதன் மெனுவில் கார்டுகள் கொதித்தன. செட்டிங்ஸ் கோப்பில் வரம்பு போடும் வரிகளை, அதைத் தயாரித்த பிளிஸார்டே வெளியிட வேண்டியிருந்தது. 2021-இல் நியூ வேர்ல்டு கேமின் பீட்டாவில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தே போயின. அவற்றில் சாலிடரிங் குறை இருந்ததாகத் தயாரித்த ஈவிஜிஏ பின்னர் விளக்கியது. ஆனாலும் ஒளிந்திருந்த குறையை வெளியே கொண்டுவந்தது அந்தச் சுமைதான். என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் என்று ஓர் இடம் இருக்கிறது. கார்டின் ஃப்ரேம் வேகத்தோடு தானே ஒத்துப்போகும் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் மானிட்டர் என்றால் 144-க்கு 141 என்று கொஞ்சம் கீழே வையுங்கள்.

அடுத்தது பவர் லிமிட், அதாவது கார்டு இழுக்கும் வாட்டுக்கு ஆஃப்டர்பர்னரில் போடும் சதவீத வரம்பு. இதை வேகத்தைக் குறைக்கும் குமிழ் என்று நினைத்துப் பலர் தொடுவதே இல்லை. சிலர் எதிர்ப்பக்கம் 110 வரை தள்ளிவிடுகிறார்கள். பெஞ்ச்மார்க் பட்டியலில் ஓரிரு சதவீதம் மேலே தெரிய வேண்டும் என்பதற்காக, கம்பெனிகளே கார்டை அதன் நல்ல இடத்தைத் தாண்டித் தள்ளித்தான் விற்கின்றன. 320 வாட் 3080-ஐ 270-க்கு இறக்கினால் பெரும்பாலான கேம்களில் இழப்பு ஐந்து சதவீதத்தை ஒட்டியே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சத்தத்தில் வித்தியாசம் தெரியும். கண்ணைத் திறந்து ஆடினால் வேகத்தில் தெரியாது.

இன்னும் நுணுக்கமாகப் போக விரும்பினால் அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது. சிப்பின் மின் செலவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே வேகத்தில் 1 வோல்ட்டிலிருந்து 0.85-க்கு இறங்கினால் சிப்பின் செலவில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகும். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எந்த வோல்டேஜில் எந்த வேகம் என்ற கோட்டைத் திருத்தும் கர்வ் எடிட்டர் திறக்கும். முதலில் கோர் கிளாக்கை (முதன்மைச் சிப்பின் வேகம்) 250 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குக் குறைத்து மொத்தக் கோட்டையும் கீழே இறக்குங்கள். பிறகு 850 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் பிடித்து 1800 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி அப்ளை கொடுங்கள். அதற்கு வலப்பக்கம் உள்ள புள்ளிகள் எல்லாம் 1800-லேயே தட்டையாகிவிடும். கார்டு அந்த வோல்டேஜைத் தாண்டாது. இந்த எண்கள் 3080-க்கானவை. வேறு கார்டுக்கு வேறு. ஒரே மாடலில்கூடச் சிப்புக்குச் சிப்பு மாறும். யாரோ போட்ட ஸ்க்ரீன்ஷாட்டை அப்படியே காப்பியடிப்பது தனித் தவறு.

செய்த பிறகு, கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் சோதனையை ஓட்டி, ‘பத்து நிமிடம் தாங்கியது, போதும்’ என்று முடிவு கட்டுவார்கள். ஃபர்மார்க் கார்டை பவர் லிமிட்டில் முட்டவைத்துவிடும். அப்போது கார்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கோட்டில் கீழே உள்ள வேறு புள்ளியில் ஓடும். நீங்கள் திருத்திய 850-1800 புள்ளியை அந்தச் சோதனை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) உள்ள ஒரு கேமை ஒரு மாலை முழுக்க ஆடுங்கள், சுமை குறைந்த பழைய கேம் ஒன்றையும் ஆடுங்கள். இரண்டிலும் கிராஷ் ஆகவில்லை என்றால்தான், விண்டோஸ் தொடங்கும்போதே அமைப்பை ஏற்றும் பொத்தானை அழுத்தலாம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஃபேன். இங்கே பலரும் கவனிக்காத விஷயம், காதை உறுத்துவது சத்தத்தின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கம் என்பது. 1400 சுற்றில் சீராக ஓடும் ஃபேனைக் காது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். 1100-க்கும் 1600-க்கும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதை மறக்காது. வெப்பநிலைக்கு ஏற்ப ஃபேன் வேகத்தைச் சொல்லும் கோட்டை, அதாவது ஃபேன் கர்வை, செங்குத்தாகப் போட்டால் இரண்டு டிகிரி மாறினாலே இந்த ஊசலாட்டம் வரும். கேம் ஆடும்போது கார்டு நிற்கும் பகுதியில், 60-லிருந்து 75 வரை என்று வைத்துக்கொள்வோம், கோட்டை லேசான சாய்வாக விடுங்கள். 80-க்கு மேல் மட்டும் கிடுகிடுவென்று ஏற்றுங்கள். ஆஃப்டர்பர்னரின் ஃபேன் டேபில் டெம்பரேச்சர் ஹிஸ்டெரிசிஸ் என்ற பெட்டி இருக்கும். அதில் 4 அல்லது 5 போட்டால், அத்தனை டிகிரி இறங்கும் வரை ஃபேன் வேகம் குறையாமல் நிற்கும்.

சும்மா இருக்கும்போது ஃபேனை நிறுத்திவைக்கும் வசதி குளிர் அறையில் அருமை. நம் கோடையில், அதிலும் இரண்டு அதிவேக மானிட்டர்கள் மாட்டி மெமரி கிளாக் (கார்டு மெமரியின் வேகம்) இறங்காமல் நிற்கும் கணினியில், கார்டு 50 டிகிரிக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு சில நிமிடத்துக்கு ஒருமுறை ஃபேனைக் கிளப்பி நிறுத்தும். அந்த வசதியை அணைத்துவிட்டு 30 சதவீதத்தில் எப்போதும் ஓடவிடுவது நிம்மதி.

ஃபேனைக் குறைக்கும்போது கோர் வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. 3080, 3090-இல் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும். 3090-இல் பாதி மெமரி சிப்புகள் பலகையின் பின்பக்கம், ஃபேன் காற்று எட்டாத இடத்தில் இருக்கின்றன. கோர் 65 என்று சமர்த்தாகக் காட்டும்போதே மெமரி நூறைத் தாண்டியிருக்கும். சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் மெமரி ஜங்ஷன் என்ற வரியையும் பாருங்கள்.

கீச்சென்று ஒரு சத்தம் வந்து, ஃபேன் வேகத்தை மாற்றினாலும் அது மாறவில்லையா? அது காயில் வைன், கார்டிலுள்ள மின்சுருள்கள் அதிர்ந்து எழுப்பும் சத்தம். ஃப்ரேம் வரம்பும் அண்டர்வோல்ட்டும்தான் அதைக் கொஞ்சம் அடக்கும்.

கார்டைக் குறை சொல்லும் முன் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவைத்து அதே கேமை ஆடிப் பாருங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால் குற்றவாளி கேபினெட். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய மாடல்களில் இது சகஜம். கம்ப்யூட்டர் மேஜையின் மூடிய அறைக்குள் கேபினெட்டைத் தள்ளி வைத்திருந்தால் சோதிக்கவே வேண்டாம், வெளியே எடுத்துவிடுங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால் கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) உள்ள இடைவெளியைப் பாருங்கள். 10 முதல் 20 டிகிரி சாதாரணம். 30-ஐத் தாண்டினால், சிப்புக்கும் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காராமல் இருக்கலாம். 2022 இறுதியில் வந்த ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸில், ஏஎம்டியே வடிவமைத்த சில கார்டுகளின் ஹாட்ஸ்பாட் நேராக 110-இல் போய் முட்டியது. சூட்டைக் கடத்தும் வேப்பர் சேம்பருக்குள் திரவம் போதவில்லை என்று அடுத்த மாதம் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அத்தகைய கார்டில் எந்த கர்வும் எந்த பேஸ்ட்டும் பலிக்காது. வாரன்டி இருக்கும்வரை ஸ்க்ரூவில் கைவைக்காமல், அளவுகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பில்லோடு கடைக்குக் கிளம்புங்கள்.