ஏற்காட்டுக் குளிரில் கோழிக்கூடு: வலையை மட்டும் மாத்துங்க

கோழியைப் பஞ்சாரத்தில் (மூங்கில் கூடையில்) கவிழ்த்து வைப்பது பகலுக்குச் சரி, ராத்திரிக்குப் போதாது. காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீடென்றால் கீரியும் மரநாயும் கட்டாயம் வரும். அறுகோணக் கண் வைத்த கோழி வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, கடிக்கிற பிராணியைத் தடுக்காது. எங்கள் கூட்டில் ஒரே இரவில் நாலு கோழி போனது இதனால்தான். அரை இஞ்ச் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) போடுங்கள். விலை கூடத்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. கூட்டைச் சுற்றி ஒரு அடி ஆழத்துக்கு அதைப் புதைத்தால் தோண்டியும் நுழையாது. கதவுக்குக் கொக்கி போதாது, தாழ்ப்பாள் வேண்டும்.

சுமார் 1,500 மீட்டர் உயரம், மூடுபனி என்று பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிவிடாதீர்கள். எச்ச நெடி உள்ளேயே தங்கி சளி பிடிக்கும். காற்றடிக்கும் பக்கம் மட்டும் சவ்வரிசிச் சாக்கைத் தொங்கவிட்டு, கூரைக்குக் கீழே அரை அடி திறந்தே விடுங்கள். தரை இரண்டடி உயரத்தில் இருக்கட்டும், மேலே உமி. நனைந்த உமியை அன்றைக்கே அள்ளிவிடுங்கள்.

கீழே சேலத்தில் பிரச்சினை வெயில். கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே இறங்காது.