ஸ்டென்ட் கிராஃப்ட் பொருத்திய பெருந்தமனியில் இரத்த ஓட்டத்தைக் கணினியில் மாதிரியமைப்பது எப்படி

வயிற்றைத் திறக்காமல், தொடைத் தமனி வழியே, உலோகச் சட்டமும் துணியும் கொண்ட செயற்கைக் குழாயான ஸ்டென்ட் கிராஃப்டைச் செலுத்திப் பெருந்தமனி வீக்கத்தைச் சரிசெய்யும் முறையை அர்ஜென்டினா அறுவை மருத்துவர் ஹுவான் பரோடி 1990இல் புவெனஸ் ஐரிஸில் செய்து காட்டினார். அன்று முதல் மருத்துவர்களின் கவலை கசிவு, நகர்வு, உறைவு ஆகிய மூன்றைச் சுற்றியே இருந்துவருகிறது. கசிவைப் படமெடுத்துப் பார்ப்பதே நேர்வழி என்பதால், கணினி மாதிரி அதிகம் உதவுவது மற்ற இரண்டுக்கும்தான். எதற்கு விடை தேடுகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கிராஃப்ட் நகருமா என்று அறிய அழுத்தத்தின் உண்மையான அளவு வேண்டும்; அதன் கால்களில் (கீழ்ப்புறம் இரண்டாகப் பிரியும் கிளைக் குழாய்களில்) இரத்தம் உறையுமா என்று அறியச் சுவரை ஒட்டி இரத்தம் எப்படி ஓடுகிறது என்பது வேண்டும்.

வடிவத்தை, சிகிச்சைக்குப் பின் எடுத்த சிடி ஆஞ்சியோகிராமிலிருந்து பெற வேண்டும். வெட்டுத் தடிமன் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருப்பது நல்லது. 3டி ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருளில் இரத்தம் ஓடும் பகுதியைப் பிரிக்கும்போது, ஸ்டென்ட்டின் உலோகக் கம்பிகள் உண்மை அளவைவிடப் பருத்து ஒளிரும் என்பதால், பிரகாசத்துக்குக் கீழ் வரம்பு மட்டுமின்றி மேல் வரம்பும் வைத்து, இரு கால்களும் பிரியும் இடத்தைக் கையால் திருத்த வேண்டும். மேற்பரப்பை மழமழப்பாக்குவதில் ஆசை கூடாது. 10 மி.மீ. விட்டமுள்ள கால் 9 மி.மீ.யாகச் சுருங்கினால், சீரான ஓட்டத்துக்கான கணக்கின்படி அதன் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவும், அதே ஓட்ட அளவுக்குச் சுவர்ச் சறுக்குத் தகைவு (ஓடும் இரத்தம் சுவரின் ஓரலகுப் பரப்பை உரசி இழுக்கும் விசை) சுமார் 37 சதவீதமும் கூடிவிடும்.

ஓப்பன்ஃபோம் என்ற இலவச ஓட்டக் கணிப்பு மென்பொருளில் கணக்கிடுவோர், மில்லிமீட்டரில் உள்ள வடிவத்தை மீட்டருக்கு மாற்றிய பிறகே தொடர வேண்டும். வடிவத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையமைப்பில் சுவரை ஒட்டி மெல்லிய பட்டக அடுக்குகள் இருக்கட்டும். வலை போதிய அளவு நுண்ணியதா என்பதை வேகத்தை வைத்து முடிவு செய்யாமல், சுவர்ச் சறுக்குத் தகைவு மாறாமல் நிற்கிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வேகம் அதற்கு வெகு முன்பே நிலைபெற்றுவிடும்.

இரத்தத்தின் அடர்த்தியை 1060 கி.கி./மீ³ என்றும் பாகுநிலையை 0.0035 பாஸ்கல் விநாடி என்றும் கொள்வது வழக்கம். பாலியெஸ்டர் துணியும் உலோகச் சட்டமும் இயற்கையான தமனியைப்போல விரிந்து சுருங்குவதில்லை. ஆகவே கிராஃப்ட் உள்ள பகுதிக்குச் சுவர் அசையாதது என்ற எடுகோள் பெரும்பாலும் போதுமானது.

மாதிரியின் தரம் உண்மையில் தீர்மானமாவது எல்லை நிபந்தனைகளில்தான், அதாவது இரத்தம் நுழையும், வெளியேறும் வாயில்களில் நாம் கொடுக்கும் மதிப்புகளில்தான். உள்வாயிலில் டாப்ளர் அல்லது எம்ஆர்ஐ மூலம் அந்த நோயாளியிடமே அளந்த ஓட்ட அலையைக் கொடுங்கள். வெளிவாயில்கள் அனைத்திலும் அழுத்தம் பூச்சியம் என்று விட்டுவிடுவது எளிது. ஆனால் அப்போது சிறுநீரகத் தமனிகளுக்கும் நோயாளியின் கால்களுக்கும் எவ்வளவு இரத்தம் செல்கிறது என்பதை, அவற்றுக்கு அப்பாலுள்ள நுண்நாளங்களின் தடைக்குப் பதிலாக, நீங்கள் வெட்டியெடுத்த வடிவமே தீர்மானிக்கும். ஒவ்வொரு வாயிலுக்கும் இரு தடைகளும் ஒரு கொள்ளளவும் கொண்டு, அப்பாலுள்ள நாளங்களுக்கு ஈடாக நிற்கும் விண்ட்கெஸல் மாதிரியை இணைப்பதே முறை. சராசரி அழுத்தத்தை அவ்வாயிலின் சராசரி ஓட்டத்தால் வகுத்தால் அதன் மொத்தத் தடை கிடைக்கும். முதல் சில துடிப்புகளைத் தள்ளிவிட்டு, அடுத்தடுத்த இரு துடிப்புகளின் அழுத்த அலைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்திய பின்னரே முடிவுகளைச் சேகரியுங்கள்.

கிராஃப்டை நகர்த்தும் விசையைக் கணக்கிடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. அசையாச் சுவருள்ள மாதிரியில் எல்லா இடத்திலும் அழுத்தத்தை ஒரே அளவு கூட்டினாலும் வேகம் மாறாது; எனவே தவறான அழுத்தத்திலும் ஓட்டப் படம் அழகாகவே வரும், விசை மட்டும் பொய்யாகிவிடும். போதாக்குறைக்கு, ஓப்பன்ஃபோமின் அமுக்கமில்லா ஓட்டத் தீர்வான்கள் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்கள்) அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்தே தருகின்றன. 1060ஆல் பெருக்க மறக்கக் கூடாது. ஆகையால் காகிதத்தில் ஒரு சரிபார்ப்பு அவசியம். 24 மி.மீ. விட்டமுள்ள கிராஃப்ட் 60 பாகை வளைந்து, உள்ளே 100 மி.மீ. பாதரச அழுத்தம் இருந்தால், வளைவைத் தள்ளும் விசை ஏறக்குறைய 6 நியூட்டன்; அழுத்தம் 140 ஆனால் 8.4 நியூட்டன். அதே கிராஃப்டின் 10 செ.மீ. நீளத்தில் 1 பாஸ்கல் சறுக்குத் தகைவு தரும் இழுப்போ நியூட்டனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் மாதிரியின் விடை இந்த வரிசையில் இல்லையென்றால் அலகுகளையும் வெளிவாயில்களையும் மறுபடி பாருங்கள். கிராஃப்டுக்கு வெளியே, வீங்கிய தமனியான வீக்கப் பைக்குள் எஞ்சியிருக்கும் அழுத்தம் தெரிந்தால், உள்ளழுத்தத்திலிருந்து அதைக் கழித்த பிறகே விசையைக் கணக்கிட வேண்டும்.

உறைவைப் பற்றிய கேள்வியாயின், துடிப்பு முழுவதற்குமான சராசரிச் சறுக்குத் தகைவையும், அதன் திசை எவ்வளவு மாறுகிறது என்பதை 0 முதல் 0.5 வரை காட்டும் அலைவுக் குறியீட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சராசரி 0.4 பாஸ்கலுக்குக் கீழே இருந்து குறியீடும் உயர்ந்திருக்கும் இடங்களைக் குறித்துவைத்து, நோயாளியின் அடுத்த சிடி படத்தில் அதே இடங்களில் உறைவு படிந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள், 0.4 என்பது ஆய்வாளர்கள் பழக்கத்தில் கொள்ளும் எல்லையாதலால், அதை மட்டும் வைத்துச் சிகிச்சையை மாற்றும்படி எந்த மருத்துவரிடமும் பரிந்துரைக்க வேண்டாம்.