தடைக்காலத்தில் நாங்கள் கணக்குப் பேசும் விதம்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளைக் கட்டிப்போட்டால் ஜூன் 14 வரை, 61 நாள், என் வீட்டுக்காரருக்குக் கடல் இல்லை. பாம்பனில், மீன் விற்ற காசில் ஒரு பங்குக்குப் படகேறுகிற வீடுகளில் சண்டை அதிகம் வருவது அந்த நாட்களில்தான். அரசு தருகிற 8,000 ரூபாய் மளிகைக்கே சரியாகிவிடும். குழுக் கடன் தவணையோ நிற்காது. இருவருக்கும் பயம் ஒன்றுதான். அவர் வாயை மூடிக்கொள்வார், நான் பேசிக்கொண்டே இருப்பேன். பல வருடம் இப்படிப் போன பிறகுதான் ஒரு வழி பிடித்தோம்.

முதலில், நெஞ்சு படபடக்கும்போது பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அந்த நேரத்தில் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது. உடம்பு தணிய இருபது நிமிடமாவது வேண்டும். முன்பெல்லாம் அவர் ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விடுவார். என்னை விட்டுவிட்டுப் போனது போலவே இருக்கும். இப்போது, "ஒரு நடை போயிட்டு வர்றேன், ஏழு மணிக்குப் பேசுவோம்" என்கிறார். அந்த 'ஏழு மணி'தான் எனக்கு மருந்து. யார் எழுந்து போனாலும் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த இடைவெளியில் அடுத்து என்ன கேட்கலாம் என்று மனதுக்குள் சண்டையைத் தொடர வேண்டாம். நான் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அவர் வந்ததும் பின்வாசல் படியில் உட்காருவோம். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவோம். பத்துத் தடவை போதும். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு இறங்கும். அவருக்கு முதலில் கூச்சம். இப்போது அவரே எண்ணுகிறார்.

அப்புறம் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்கச் சின்ன விஷயம்தான். 2006இல் ஜேம்ஸ் கோன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். லேசான மின் அதிர்ச்சி வரலாம் என்று மனைவிகளிடம் சொல்லிவிட்டு மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது, ஆபத்துக்கு மூளை பதறுவது குறைந்தது. மனம் ஒத்த தம்பதிகளிடம் இன்னும் குறைந்தது. என் வீட்டுக்காரர் கை, கயிறு இழுத்துக் காய்த்த கை. சுட்டுவிரல் ஓரத்தில் கெளுத்தி முள் குத்திய தழும்பு இருக்கிறது. பேசுவதற்கு முன் என் விரல் அந்தத் தழும்பைத் தேடிப் போய்விடும்.

பேச்சை எதிரெதிரே உட்கார்ந்து தொடங்காதீர்கள், விசாரணை மாதிரி ஆகிவிடும். நாங்கள் வலையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அவர் கிழிந்த கண்ணியைப் பின்னுவார், நான் நூல் சுற்றிக் கொடுப்பேன். கை ஓடினால் அவருக்கு வாயும் ஓடும். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. இந்த வாரம் கட்டியே ஆக வேண்டியது, தள்ளிப்போடலாம் என்பது, நம் கையில் இல்லாதது என்று மூன்று பக்கமாக எழுதுவோம். டீசல் விலை மூன்றாவது பக்கத்தில். அதை எழுதியபின் அதைப் பற்றி வாதாடுவதில்லை. ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான், இரவு ஒன்பதுக்கு மேல் நோட்டைத் திறக்கக் கூடாது.

குடியோ அடியோ இருக்கிற வீட்டுக்கு இது போதாது. பெண்கள் 181 உதவி எண்ணை அழையுங்கள். மனசு ரொம்பக் கனத்தால் யாராக இருந்தாலும் மனநல உதவி எண் 14416.

கடலுக்குப் போகிற நாளில் மட்டும் கணக்குப் பேச்சே கிடையாது. சோற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு, டார்ச்சுக்கு பேட்டரி போட்டாச்சா என்று மட்டும் கேட்பேன்.