ஓபோன் நாட்களில் ஒரு ஜப்பானிய வீட்டுக்குப் போகிறீர்களா?

ஓபோன் என்றால் இறந்த முன்னோர் வீட்டுக்குத் திரும்பி வரும் நாட்கள். பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. டோக்கியோவில் பல குடும்பங்களுக்கு அது ஜூலையிலேயே முடிந்துவிடும், அதனால் முதலில் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் புட்சுதான் என்ற மர மாடம் இருக்கும். உள்ளே புத்தர், இறந்தவருக்குத் துறவி வைத்த பெயர் எழுதிய இஹாய் பலகை, அன்று வடித்த சோறு. அதன் முன் கைதட்டி வணங்காதீர்கள். கைதட்டுவது ஜப்பானின் பழைய மதமான ஷின்டோவின் கோவில் வழக்கம். இங்கே சத்தமில்லாமல் கைகூப்பினால் போதும். ஊதுபத்தியின் சுடரை வாயால் ஊதாமல் கையால் விசிறி அணைக்க வேண்டும்.

பக்கத்தில் குச்சிக் கால் செருகிய வெள்ளரிக்காயும் கத்தரிக்காயும் நிற்கலாம். பிள்ளைகள் செய்த பொம்மை என்று கையில் எடுத்துவிடாதீர்கள். முன்னோர் சீக்கிரம் வந்து சேர வெள்ளரிக் குதிரை, மெல்லத் திரும்பிப் போகக் கத்தரி மாடு. இவ்வளவு பிரியமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சாப்பாட்டு மேசையில்தான் மனம் நோகும் தவறுகள் நடக்கின்றன. சோற்றில் சாப்பிடும் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்கவே கூடாது, இறந்தவரின் தலைமாட்டில் வைக்கும் சோறு அப்படித்தான் இருக்கும். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவது அதைவிடக் கடுமையானது. தகனம் முடிந்ததும் உறவினர்கள் குச்சிகளால் எலும்புகளை எடுத்துக் கலசத்தில் இடுவார்கள். காலில் தொடங்கித் தலையில் முடிப்பார்கள், கலசத்துக்குள் அவர் தலைகீழாக இருந்துவிடக் கூடாதே என்று. எலும்பைக் குச்சிக்குக் குச்சி கைமாற்றுவதும் அப்போதுதான். அண்மையில் அம்மாவை அப்படி வழியனுப்பிய ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கலாம், நீங்கள் ஒரு மீன் துண்டை நீட்டினால் அவருக்கு என்ன நினைவு வரும்?

கல்லறைக்கு அழைத்துப் போனால் கல்லைக் கழுவ உதவுங்கள். இறந்தவருக்குப் பிடித்ததென்று சாக்கே மதுவைக் கல்மேல் ஊற்ற வேண்டாம், கறை படியும். படைத்த உணவைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள், காக்கை கிளறிவிடும்.

அப்புறம், எல்லா வீட்டிலும் இதே முறை என்று நினைக்காதீர்கள். ஜோதோ ஷின்ஷு என்ற பௌத்தப் பிரிவினரிடம் இஹாய் வைக்கும் வழக்கம் பொதுவாகக் கிடையாது, குதிரையும் மாடும் இருக்காது. இறந்தவர் உடனே புத்தராகிவிடுகிறார், திரும்பி வர வாகனம் எதற்கு என்பது அவர்கள் எண்ணம்.