செல்மா பாலத்தில் ஏறும் முன் கோர்ட் வாசலுக்குப் போங்கள்

அட்லாண்டா பக்கம் இருக்கும் நம் ஆட்கள் லீவு சேர்ந்தாற்போல் வந்தால் ஸ்மோக்கி மலை, இல்லையென்றால் ஃப்ளோரிடா கடற்கரை என்று கிளம்பிவிடுகிறார்கள். தென்மேற்கே இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டினால் அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி, அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரத்தில் செல்மா. அமெரிக்கக் கறுப்பின மக்கள் பேருந்தில் சமமாக உட்காரவும் ஓட்டுப் போடவும் நடத்திய போராட்டத்தின் முக்கியமான கட்டங்கள் அங்கேதான் நடந்தன. ஆனால் ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் போனால் ஒரு பாலம், ரெண்டு சர்ச், நாலு சிலை, அவ்வளவுதான் கண்ணில் படும். செல்மா கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் கடைகளைப் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே" என்று கூட வந்தவர்கள் முறைப்பார்கள். எதை எப்படிப் பார்க்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மான்ட்கமரி, அடுத்து செல்மா, கடைசியாக பர்மிங்ஹாம், அப்புறம் ஐ-20 நெடுஞ்சாலையைப் பிடித்து வீடு. நடந்த வரிசைப்படி பார்த்தால் பர்மிங்ஹாம் (1963) செல்மாவுக்கு (1965) முன்னால் வரவேண்டும், ஆனால் சாலை இப்படித்தான் வட்டமாகப் போகிறது, பரவாயில்லை. முடிந்தால் வியாழன், வெள்ளி, சனியில் போங்கள். ஞாயிறும் திங்களும் பல இடங்கள் மூடியிருக்கும், மான்ட்கமரியின் பெரிய மியூசியத்துக்குச் செவ்வாயும் விடுமுறை. நேரம் மாறும் என்பதால் கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அலபாமா கடிகாரம் அட்லாண்டாவை விட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். போகும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் நஷ்டம்.

கிளம்புவதற்கு முன் ஒரு விஷயம் மட்டும் மனதில் பதிந்தால் போதும், மற்றதெல்லாம் அங்கே போய்ப் புரிந்துகொள்ளலாம். கறுப்பினத்தவருக்கு ஓட்டு கிடையாது என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. 1870-லேயே நாட்டின் அரசியல் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. கொடுத்ததை எப்படிப் பிடுங்கினார்கள் என்பதுதான் கதை. 1901-இல் அலபாமா தனக்கென்று ஒரு புது அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. படிக்கத் தெரியவேண்டும், வருஷத்துக்கு ஒன்றரை டாலர் தலைவரி கட்டியிருக்கவேண்டும் என்று நிபந்தனைகள். 1960-களில் செல்மாவில் வோட்டர் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள், முதல் திங்களும் மூன்றாம் திங்களும்தான் திறக்கும். நீளமான விண்ணப்பம், அரசியல் சட்டத்திலிருந்து கேள்வி, ஏற்கெனவே வோட்டர் லிஸ்ட்டில் இருக்கும் ஒருவர் வந்து "இவரை எனக்குத் தெரியும்" என்று சாட்சி சொல்லவேண்டும். லிஸ்ட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், யார் வந்து சொல்வார்கள்? பாஸா ஃபெயிலா என்று முடிவு செய்வது கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர், ஏன் ஃபெயில் என்று கேட்க முடியாது. அதையும் மீறிப் பெயர் பதிந்தால் வேலை போகும், குடியிருக்கும் நிலத்தை விட்டுத் துரத்துவார்கள். (வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த 30 கேள்வி, 10 நிமிஷப் பரீட்சைத் தாள் லூசியானா மாநிலத்தினுடையது, செல்மாவில் கொடுத்ததென்று சொல்லிவிடாதீர்கள்.)

சரி, மான்ட்கமரி. ரோஸா பார்க்ஸ் மியூசியத்தில் தொடங்குங்கள். களைத்துப்போன ஒரு தையல்காரப் பெண்மணி ஒருநாள் பேருந்தில் வெள்ளையருக்காகச் சீட்டிலிருந்து எழமாட்டேன் என்றார், உடனே ஊரே திரண்டது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்போம். அப்படி இல்லை. பார்க்ஸ் பல வருஷமாக உரிமை அமைப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச்சில், கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி அதே காரணத்துக்காகக் கைதானார். பார்க்ஸ் டிசம்பர் 1 அன்று கைதான ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் பேருந்தில் ஏறாதீர்கள் என்று ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அடித்து, விடிந்ததும் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 381 நாள் பேருந்தில் ஏறாமல் ஒரு ஊர் வேலைக்குப் போய் வந்ததென்றால் அதற்குப் பின்னால் எவ்வளவு வேலை இருந்திருக்கும்! மியூசியத்தில் அந்தக் காலத்து ஸ்டேஷன் வேகன் ஒன்று நிற்கும், அதை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். சர்ச்சுகள் வண்டிகள் வாங்கி ஆட்களை ஏற்றி இறக்கின. உள்ளூரில் இன்சூரன்ஸ் பாலிசியை ரத்து செய்து வண்டிகளை நிறுத்தப் பார்த்தார்கள், கடைசியில் லண்டன் லாய்ட்ஸ் மூலம் இன்சூரன்ஸ் வாங்கி ஓட்டினார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி சாப்பாடும் கேக்கும் விற்று பெட்ரோலுக்குக் காசு சேர்த்தார். பேருந்தில் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பு வந்த வழக்கில் பார்க்ஸ் வாதி கிடையாது. கால்வின் உட்பட வேறு நான்கு பெண்கள்தான்.

அங்கிருந்து டெக்ஸ்டர் அவென்யூவுக்கு வாருங்கள், காரை எங்காவது விட்டுவிட்டு நடங்கள். கீழ்முனையில் ஒரு காலத்தில் அடிமைகளை ஏலம் விட்ட சதுக்கம். மேல்முனையில் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடம். அதன் வாசலில்தான் 1861-இல் ஜெபர்சன் டேவிஸ் அடிமை முறைக்காகப் பிரிந்துபோன மாநிலங்களின் தலைவராகப் பதவியேற்றார், 1963-இல் கவர்னர் வாலஸ் இனப்பிரிவினை என்றென்றும் தொடரும் என்று முழங்கினார், 1965 மார்ச் 25-இல் செல்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் சுமார் 25 ஆயிரம் பேராகத் திரண்டு நின்றார்கள். அந்தக் கட்டடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் செங்கல் சர்ச் ஒன்று, மார்ட்டின் லூதர் கிங் பாதிரியாராக இருந்தது அங்கேதான். ஒரே தெருவில் இவ்வளவு இருக்கிறது, இதற்கு டிக்கெட்டும் கிடையாது.

மதியத்துக்குமேல் அடிமை முறையின் வரலாறு சொல்லும் லெகசி மியூசியமும், குன்றின்மேல் இருக்கும் நினைவிடமும். எல்லாம் சேர்த்து 5 டாலர்தான். மியூசியத்துக்குள் போட்டோ எடுக்கக்கூடாது. நினைவிடத்தில் 800-க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), அதில் கும்பலாகச் சேர்ந்து அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள். 1877 முதல் 1950 வரை 4,400 பேருக்கும் மேல். முதலில் தூண்கள் கண்மட்டத்தில் இருக்கும், நடக்க நடக்கத் தரை இறங்கும், தூண்கள் தலைக்குமேல் தொங்க ஆரம்பிக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் யாராவது ஒருவர் அவர்களோடு வெளியே இருந்துகொண்டு முறை மாற்றிப் பாருங்கள். இதைப் பார்த்த பிறகு வேறு எதையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், முடியாது.

மறுநாள் நெடுஞ்சாலை 80. 1965-இல் ஓட்டுரிமை கேட்டு செல்மாவிலிருந்து மான்ட்கமரிக்கு மக்கள் நடந்த 54 மைலில் நாம் தலைகீழாகப் போகிறோம். பாதி வழியில் லவுண்டஸ் கவுன்ட்டியில் ஒரு விளக்க மையம் வரும். எல்லோரும் நேரே செல்மாவுக்கு விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள். மக்களில் பெரும்பான்மை கறுப்பினத்தவராக இருந்த அந்தக் கவுன்ட்டியில் 1965 பிறந்தபோது அவர்களில் ஒருவர் பெயர்கூட வோட்டர் லிஸ்ட்டில் இல்லை. பதியப் போனவர்களை நிலத்திலிருந்து விரட்டினார்கள், அவர்கள் இதே சாலையோரம் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். அடுத்த வருஷம் சொந்தமாக ஒரு கட்சி தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அங்கேயும் அப்போது ஓட்டுச்சீட்டில் கட்சிச் சின்னம் உண்டு. மாநிலத்தின் ஆளுங்கட்சிக்குச் சேவல் சின்னம், அதன் மேலேயே வெள்ளையர் மேலாதிக்கம் என்ற வாசகம். இவர்கள் எடுத்துக்கொண்ட சின்னம் கருஞ்சிறுத்தை. பின்னால் கலிஃபோர்னியாவில் பிளாக் பாந்தர் கட்சியின் சின்னமாக உலகப் புகழ் பெற்ற அந்தச் சிறுத்தை இங்கே பிறந்ததுதான். இரட்டை இலையும் உதயசூரியனும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

செல்மாவுக்குள் நுழைவதே, 1965-இல் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்த அந்தப் பாலத்தின் வழியாகத்தான். இறங்காதீர்கள். நேராக டல்லாஸ் கவுன்ட்டி (செல்மா இருக்கும் கவுன்ட்டி, டெக்ஸஸ் டல்லாஸ் இல்லை) கோர்ட்டுக்குப் போங்கள், இரண்டு மூன்று தெரு தள்ளி இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் பார்க்கவேண்டிய மிக முக்கியமான இடம் இதுதான், ஆனால் இங்கே கூட்டமே இருக்காது. அந்தப் பதிவு அலுவலகம் இந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தது. 1965 ஜனவரியிலிருந்து வாரக்கணக்கில் இங்கே வரிசையில் நின்றார்கள், ஷெரிஃப் ஜிம் கிளார்க் ஆட்களை வைத்து அடித்து இழுத்துப் போனார். ஜனவரி 22 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளி ஆசிரியர்கள் நல்ல உடை உடுத்தி, சிலர் கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்தார்கள், ஜெயிலுக்குப் போகத் தயார் என்று காட்டுவதற்கு. வேலை போய்விடும் என்று பயந்து ஒதுங்கியிருந்தவர்களே வந்துவிட்டார்கள் என்றதும் ஊர் மாறியது. பாலத்தில் நடந்ததெல்லாம் இந்த வரிசையின் தொடர்ச்சி.

அப்புறம் பிரவுன் சேப்பல் சர்ச்சுக்குப் போய், அங்கிருந்து பாலம் வரை நடங்கள், ஊர்வலம் போன வழி அது. பக்கத்து ஊரான மேரியனில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றதால்தான் மான்ட்கமரிக்கு நடப்பது என்ற யோசனையே வந்தது. மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, சுமார் 600 பேர், முன்னால் இயக்கத் தலைவர்கள் ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும். பாலத்தை ஊர்ப் பக்கத்திலிருந்து காலால் நடந்தே கடக்கவேண்டும், காரில் போனால் ஒன்றும் புரியாது. நடுவில் உயர்ந்து வளைந்த பாலம் என்பதால் உச்சிக்குப் போகும் வரை எதிர்ப்பக்கம் தெரியாது. அவர்களுக்கும் அங்கே போய்த்தான் கீழே வரிசையாக நின்ற போலீஸ் படை தெரிந்தது. தெரிந்தும் இறங்கினார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை, குதிரைகள். அன்றிரவு டிவியில் நாடே பார்த்தது. மறுபடி கிளம்பித்தான் மார்ச் 25-இல் மான்ட்கமரி போய்ச் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று ஓட்டுரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். அதற்கு இரண்டு மாதம் கழித்து அக்டோபரில் அதே ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம்தான் நம் மாதிரி ஆட்களுக்கு இந்த நாட்டின் கதவைத் திறந்தது, இதைப் பிள்ளைகளுக்குப் பாலத்தில் வைத்துச் சொல்லலாம். பாலத்துக்கு இன்னும் எட்மண்ட் பெட்டஸ் என்றுதான் பெயர், அடிமை முறைக்காகப் போரிட்ட ஜெனரல்.

ஊரில் வயதானவர்கள் யாராவது பேச்சுக் கொடுத்தால் நின்று கேளுங்கள். அன்று நடந்தவர்களை அங்கே 'ஃபுட் சோல்ஜர்ஸ்' என்பார்கள், சின்னப் பிள்ளைகளாக நடந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வழிகாட்டியாக வந்தால் கணக்குப் பார்க்காமல் பணம் கொடுங்கள்.

செல்மாவிலிருந்து பர்மிங்ஹாம் போகும் வழியில் நாம் பிடிக்கும் ஐ-65 ஷெல்பி கவுன்ட்டி வழியாகப் போகும். பெயர்ப்பலகையைக் கவனியுங்கள். பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்ற முன் அனுமதி வாங்கவேண்டும் என்பதுதான் 1965 சட்டத்தின் பல். இந்தக் கவுன்ட்டி போட்ட வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டது.

பர்மிங்ஹாமுக்கு அரை நாள் போதும். கெல்லி இங்ராம் பூங்காவில் நடைபாதையின் இரண்டு பக்கமும் பாயும் போலீஸ் நாய்களின் சிலைகள், நடுவில் நடந்து போங்கள். 1963 மே மாதம் பள்ளிப் பிள்ளைகள் மீது நாயையும் தீயணைப்புக் குழாயையும் ஏவிவிட்டது இங்கேதான். எதிரே 16-ஆம் தெரு சர்ச், அதே வருஷம் செப்டம்பர் 15 அன்று குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்த இடம். கடைசிக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது 2002-இல்.

சாப்பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை: சைவம் சாப்பிடுகிறவர்கள் காலர்ட் கீரையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்தப் பக்கம் அதைப் பன்றி இறைச்சித் துண்டு போட்டுத்தான் வேகவைப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். மார்ச் முதல் வாரக்கடைசியில் செல்மாவில் நினைவு ஊர்வலம் நடக்கும், கூட்டத்தோடு நடக்க ஆசையிருந்தால் அப்போது போங்கள், ஆனால் அறையை மான்ட்கமரியில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் செல்மாவில் கிடைக்காது.